ஒரு டம்ளர் அருவருப்பு

சாக்கு லைனில் அவளுக்கு முடிக்காரி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு, கழுத்தில் தொங்கும் அட்டையில் 'கள ஊக்குநர்' என்று போட்டிருக்கும், அதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. ஏழைகள் குடியிருக்கிற இடமாகப் பார்த்துப் போய், கூட்டத்தைக் கூட்டி, தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, அதைப் பீயில் தொட்டு, டம்ளர் தண்ணீரில் நனைத்து, "யார் குடிக்கிறீங்க?" என்று கேட்பதுதான் அவள் உத்தியோகம். இதற்குச் சம்பளம் உண்டு, தொப்பி உண்டு, பயணப்படி உண்டு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இதைவிடக் கேவலமான வேலையை இதைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களும் இந்தக் கதையில் வருவார்கள்.

கேட்டதும் கூட்டம் 'சீ' என்று பின்வாங்கும். உடனே அவள் மனப்பாடமாக வைத்திருக்கிற அடுத்த வரியை எடுத்துவிடுவாள். "ஒரு முடி பட்ட தண்ணியையே வேண்டாங்கறீங்க. ஈக்கு ஆறு கால். ஆறு காலையும் அங்க வச்சுட்டு நேரா உங்க தட்டுல வந்து உட்காருது. அப்ப தினமும் நீங்க சாப்பிடறது என்ன?" எல்லோரும் தலை குனிவார்கள். யாராவது ஒருத்தர் எழுந்து, இனிமேல் வெளியே போகமாட்டோம், நாங்களே கக்கூஸ் கட்டிக்கொள்கிறோம் என்பார். கைதட்டல், புகைப்படம், அதோடு வண்டி கிளம்பிவிடும். மலம், கழிவு என்று நாசூக்காகச் சொல்லக்கூடாது, பீ என்றுதான் சொல்லவேண்டும், பச்சையாகச் சொன்னால்தான் உறைக்கும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதி. குளிரூட்டிய அறையில் பெரிய மனிதர்கள் பிஸ்கட் தட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையை ஆசையாசையாகச் சொல்வதைக் கேட்டால் நமக்குத்தான் குமட்டும்.

இந்த வித்தையைக் கொண்டுவந்தவர் ஒரு பேராசிரியர். லைன்காரர்கள் அவருக்கு வைத்த பேர் கட்டிக்கோ சார். ஏழைக்கு எதையும் சும்மா கொடுக்கக்கூடாது, கொடுத்தால் கெட்டுப்போவான், முன்னேறவேண்டும் என்ற ஆசை அவன் உள்ளேயிருந்து கிளம்பவேண்டும், அருவருப்புதான் அதற்கு முதல் படி என்பது அவர் சித்தாந்தம். இலவசமாகக் கொடுத்த கக்கூஸில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்ததை எங்கேயோ பார்த்தாராம். அந்த ஒரு ஆட்டை வைத்தே மூன்று புத்தகம் எழுதிவிட்டார்.

அவருக்கு நேர் எதிர் வாங்கிக்கோ சார். அவரும் பேராசிரியர்தான். பள்ளத்தில் கிடக்கிறவனைப் பார்த்துத் தாவு தாவு என்றால் எப்படித் தாவுவான், ஏணியைப் போடு, ரோடு, பள்ளிக்கூடம், மருந்து, கக்கூஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டு, தானாக ஏறிவருவான் என்பது இவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கொட்டிய இடத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று இவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நடுவில் மூன்றாவதாக ஒருவரும் வந்தார். இதெல்லாம் வீண் வேலை, தொழிற்சாலை வரட்டும், கூலி ஏறட்டும், கக்கூஸ் தன்னால் வரும் என்று சொல்லிவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே காரில் ஏறினார். அவருக்குப் பொறுத்துக்கோ சார் என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

சாக்கு லைன் என்பது முப்பத்திரண்டு வீடு. பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் இந்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும், அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிற தகரக்கூரை வரிசை. ஆண்கள் சரக்கு ரயிலில் மூட்டை இறக்குவார்கள். பெண்கள் கிழிந்த சாக்கை மொத்தமாக வாங்கிவந்து, உதறி, ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். வாசலில் சாக்கடை, பின்னால் முள்ளுக்காடு, அதற்கும் பின்னால் தண்டவாளம். முள்ளுக்காடுதான் கக்கூஸ். ஆண்களுக்கு நேரம் காலம் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை போகலாம், இருட்டிய பிறகு ஒரு தடவை போகலாம், நடுவில் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சாக்கு தைக்கவேண்டியதுதான்.

முடிக்காரியின் அக்கா வாழ்க்கைப்பட்டது இந்த லைனில்தான். வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போகவேண்டிவரும், போவதற்கு இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. எல்லாப் பெண்களும் செய்வதுதான், அக்காவின் உடம்பு மட்டும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தாயிற்று. ஒரு சிறுநீரகம் பாதி கெட்டுவிட்டது, இன்னொரு தடவை இப்படி வந்தால் மீதியும் போய்விடும், குடம் குடமாகத் தண்ணீர் குடி என்று டாக்டரம்மா திட்டி அனுப்பினாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் கக்கூஸ் பீங்கான் கண்ணெதிரே இருந்தது. வாங்கிக்கோ சாருக்குச் செல்வாக்கு இருந்த காலத்தில், வீட்டுக்கு ஒன்று என்று முப்பத்திரண்டு பீங்கானும் குழாயும் லாரியில் வந்து லைன் கோடியிலிருந்த கிடங்கில் இறங்கின. நீங்கள் குழி வெட்டி வையுங்கள், மேஸ்திரி வந்து பதித்துக் கொடுப்பார் என்றார்கள். எல்லோரும் வெட்டினார்கள். அக்கா புருஷன் இரண்டு நாள் மூட்டைக் கூலியை விட்டுவிட்டு, இடுப்பு ஆழத்துக்கும் மேலே வெட்டினார். அதற்குள் மேலிடத்தில் காற்று மாறிவிட்டது. பணம் போடுகிற பெரிய இடத்துக்குக் கட்டிக்கோ சாரின் ஆட்டுக்கதை பிடித்துப்போய்விட்டது. கிடங்குக்குப் பூட்டு விழுந்தது. இலவசமாகக் கொடுத்துக் கெடுக்கவேண்டாம், முதலில் அருவருப்பு வரட்டும் என்று உத்தரவு. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால் வைக்கோலுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பீங்கான் தெரியும். லைன் பிள்ளைகளுக்கு அதுதான் வேடிக்கை.

அருவருப்பை ஊட்டும் வேலை முடிக்காரிக்கே வந்து சேர்ந்தது. இரண்டு தடவை செய்தாள். இரண்டு தடவையும் லைன்காரர்கள் ஒழுங்காக 'சீ' என்றார்கள், கட்டிக்கொள்கிறோம் என்று சத்தியம்கூடப் பண்ணினார்கள், ஆனால் ஒரு செங்கலும் எழும்பவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் பீங்கான் சும்மா கிடக்கும்போது எவன் கைக்காசைப் போட்டு வாங்குவான்? இதைக் கட்டிக்கோ சாரிடம் யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் அவர் காதில் ஏறியிருக்காது.

கடைசியில் மேலிடமே ஒரு வழி சொன்னது. இரண்டு பேராசிரியர்களும் ஒன்றாகப் போங்கள், கடைசியாக ஒரு தடவை அந்த வித்தையைச் செய்து பாருங்கள். லைன் மாறிவிட்டது என்றால் பீங்கானை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம். மாறவில்லை என்றால் அன்றைக்கே பூட்டைத் திறந்து கொடுத்துவிடலாம். செய்தி முடிக்காரிக்குத் தெரிந்ததும் அவள் நேரே அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"ஒருத்தர் குடிச்சுட்டாப் போதும் அக்கா. பயப்படாம, சிரிச்சுக்கிட்டே குடிக்கணும். வித்தை அங்கேயே புஸ்ஸுனு போயிடும்."

"நான் குடிக்கறேன்" என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "உன் முடிதான் சுத்தமான முடியாச்சே."

அது அக்கா தங்கை இருவருக்குள்ளேயே இருக்கவேண்டிய ரகசியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முடிக்காரி நிஜமாகவே தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள், ஒரு கிழவர், பாவம், அவள் பேச்சு எதையும் கேட்காமல், வெயிலில் நின்ற தாகத்தில், கொடுத்த டம்ளரை வாங்கி மடக்கென்று குடித்துவிட்டார். கூட்டம் சிரித்தது, அவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். அன்றிலிருந்து அவள் முடியை ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திவிடுவாள். அருவருப்பில் ஒரு வசதி, யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நேரத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். இதை அக்காவிடம் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அக்காவின் வாயில் ரகசியம் தங்காது, அதனால் லைன் பெண்கள் எல்லோருக்கும் இப்போது அது தெரியும். தெரிந்துதான் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தார்கள், நாடகம் பார்க்க வருகிறவர்களைப்போல முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

கிடங்கு வாசலில் கூட்டம். முடிக்காரி முதலில் தரையில் லைனைப் படமாக வரைந்தாள், யார் யார் எங்கே போகிறார்கள் என்று வண்ணப் பொடியைத் தூவச் சொன்னாள். படம் முழுக்கப் பொடியாகிவிட்டது. பிறகு மண்வெட்டியோடு முள்ளுக்காட்டுக்குப் போய் ஒரு கட்டியை அள்ளிவந்து செய்தித்தாளில் வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் சோறு. ஈக்கள் இரண்டுக்கும் நடுவே போக்குவரத்தைத் தொடங்கின. படம்பிடிக்க வந்தவன் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டான். கட்டிக்கோ சார் மட்டும் மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தனக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை.

முடிக்காரி தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். குனிந்தாள். எல்லா முகமும் திரும்பியது, ஒரு முகத்தைத் தவிர. வாங்கிக்கோ சார் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, முடி படவே இல்லையே" என்றார். "மேலாப்ல ஆட்டிட்டு எடுத்துட்ட?"

அவர் ஜெயிக்கவேண்டும் என்றுதான் அவள் இத்தனை பாடு படுகிறாள். அந்த மனுஷனுக்கு அது எங்கே தெரியப்போகிறது. எதிராளியின் வித்தை மோசடி என்று அவருக்கு நிரூபித்தாகவேண்டும், அவ்வளவுதான்.

"நான் அப்பவே சொன்னேன், இது வெறும் நாடகம்னு" என்று அவர் படம்பிடிப்பவனைக் கூப்பிட்டார். "இங்க வாப்பா, கிட்ட வந்து எடு."

கட்டிக்கோ சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஆளுங்க நாடகம் ஆட மாட்டாங்க. நல்லாவே படும். காட்டும்மா" என்று வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கையைப் பிடித்து அவரே அழுத்தினார். முடி பட்டது. பட்டது மட்டுமில்லை, புதைந்து வெளியே வந்தது. அப்படியே கையைத் தூக்கி டம்ளருக்குள் விடவைத்து, நன்றாகக் கலக்கவும் வைத்தார். கண்ணாடி டம்ளர். தண்ணீர் பார்க்க முன்போலவே தெளிவாகத்தான் இருந்தது.

இரண்டு பெரிய மனிதர்களும் இப்போது திருப்தியாக நிமிர்ந்தார்கள். லைன் பெண்கள் அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை, அக்காவும் பார்க்கவில்லை. சார்கள் குனிந்ததும் சண்டை போட்டதும் கூடுதல் வேடிக்கையாகத்தான் அவர்களுக்குப் பட்டிருக்கும்.

டம்ளரைக் கை தவறிப் போட்டுவிடலாமா என்று முடிக்காரிக்குத் தோன்றாமல் இல்லை. போட்டால் இன்னொரு டம்ளர் வரும், இன்னொரு முடி வரும், இந்தத் தடவை இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடிப்பார்கள். உண்மையைக் கத்திச் சொல்லலாம். சொன்னால் வேலை போகும், அது போனால் போகட்டும், யாரும் குடிக்கவில்லை என்றால் பீங்கானும் போகும். இருமினாள். அக்காவைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள், தலையைக்கூட லேசாக ஆட்டினாள். அக்கா அதற்கு ஒரு கண்ணடித்தாள். தங்கச்சி இன்றைக்குப் பிரமாதமாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கவேண்டும்.

"யார் குடிக்கிறீங்க?" என்றாள் முடிக்காரி.

"இங்க கொடு" என்று அக்கா எழுந்து வந்தாள்.

காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டை. டாக்டரம்மா குடி குடி என்று திட்டியும் குடிக்காதவள், அந்த ஒரு டம்ளரை வாய் வைத்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கா சார் இவ்வளவு கூப்பாடு? எங்க குழாய்ல வர்றது இதைவிட மோசம்."

லைன் கொல்லென்று சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். வாங்கிக்கோ சார் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "போதுமா? இதுக்கு மேல என்ன வேணும்? இவங்களை அருவருப்பைக் காட்டி மாத்த முடியாதுய்யா. பொருளைக் கையில கொடுத்தாத்தான் மாறுவாங்க." ஒரு பெண்பிள்ளை தங்கள் கண்ணெதிரே, தாங்கள் கலக்கிக்கொடுத்த பீத்தண்ணீரைக் குடித்திருக்கிறாள், அது நிஜமென்று இரண்டு பேருக்கும் தெரியும். வாய் கொப்பளிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஒருவர் ஜெயித்த குஷியில் இருந்தார், மற்றவர் தோற்ற கடுப்பில் இருந்தார். எழுதும்போதே எனக்கு நாக்கு கசக்கிறது.

கிடங்குச் சாவி வெளியே வந்தது. பூட்டைத் திறந்தார்கள். லைன் ஆண்கள் உள்ளே புகுந்து வைக்கோலை விலக்க ஆரம்பித்தார்கள். அக்கா புருஷன் எங்கேயிருந்தோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். முதல் பீங்கான் வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தபோது, ஒரு குழந்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியது.

அக்கா தங்கையின் தோளில் கையைப் போட்டாள். "எப்படி என் நடிப்பு? நீ என்னை மிஞ்சிட்டடி. மூஞ்சியை என்னமா வச்சுக்கிட்ட!"

முடிக்காரி தள்ளுவண்டியையே பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம், எல்லாப் பீங்கானும் வீடு வீடாகப் போய்ச் சேரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிறகு மருந்து வாங்கிக்கொடுக்கலாம், காலில்கூட விழலாம். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அக்கா மூச்சுக்காற்று முகத்தில் படும் தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், அந்த உதட்டிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பாதி கெட்ட சிறுநீரகம் வேறு நினைவுக்கு வந்தது. சொன்னது அக்காவின் உடம்புக்காகவா, தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கிவைக்கவா என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்தாள், அவளுக்கே விளங்கவில்லை.

"அக்கா, இன்னைக்கு நிஜம்" என்றாள் காதோடு.

"என்ன நிஜம்?"

"முடி. தொட்டுடுச்சு. அவர் கையைப் பிடிச்சு அழுத்திட்டார். சத்தம் போடாம வீட்டுக்குப் பின்னால போய் விரலை விட்டு வாந்தி எடு."

அக்கா சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு மெல்லக் கழன்றது. பிறகு செய்தித்தாளில் கிடந்ததைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கட்டிக்கோ சார் அழுத்திய இடம் குழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் போக அவளுக்கு நேரமில்லை. அங்கேயே, திறந்த கிடங்கு வாசலிலேயே, இரண்டு பேராசிரியர்களுக்கும் எதிரே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். "நிஜம்டி, நிஜம்டி" என்று நடுநடுவே பக்கத்திலிருந்த பெண்களிடம் சொன்னாள். அவர்களுக்குப் புரிந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். இன்னொருத்தி ஓடுவதற்கு முன்பே எடுத்துவிட்டாள். குமட்டல் கொட்டாவியைப்போல ஒட்டிக்கொள்கிற சாமான். கொஞ்ச நேரத்தில் லைனில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எடு, எடு, எடு!" என்று கட்டிக்கோ சார் படம்பிடிப்பவனைத் தள்ளினார். அவர் வயிற்றில் பால் வார்த்ததுபோலிருந்தது. "வந்துடுச்சு பாருங்க! கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். வீம்புக்குக் குடிச்சா, உள்மனசு ஒத்துக்கல. ஒருத்தருக்கு வந்தா ஊருக்கே வரும்னு நான் எழுதியிருக்கேனா இல்லையா?" பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அம்மா, ஐயா, சொல்லுங்க. இனிமேலும் இப்படியே வாழப்போறீங்களா?"

கண்ணில் நீரும் வாயில் கசப்புமாக நிற்பவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? "மாட்டோம் சாமி, மாட்டோம்" என்று முனகினார்கள். அந்த நேரத்தில் என்ன கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அது போதுமானதாக இருந்தது. வாங்கிக்கோ சார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சரி, ஏற்றுக்கொள்கிறேன் என்றார். தள்ளுவண்டியில் ஏற்றிய பீங்கான்களை இறக்கி மறுபடி உள்ளே வைக்கச் சொன்னார்கள். நாளைக்கே லாரி வரும் என்றார்கள்.

முடிக்காரி ஓடிப்போய்க் காருக்குக் குறுக்கே நின்றாள். "சார், அது அப்படி இல்ல சார். எங்க அக்கா அவ. சுத்தமான முடின்னு நினைச்சுக் குடிச்சா. நான் ரொம்ப நாளா எங்கயுமே தொட்டதில்ல சார், எல்லா ஊர்லயும் ஏமாத்தியிருக்கேன். இன்னைக்குத்தான் நீங்க அழுத்திட்டீங்க. விஷயம் தெரிஞ்சுதான் வாந்தி எடுத்தா. இவங்க யாரும் மாறல சார், குமட்டுச்சு, அவ்வளவுதான்."

கட்டிக்கோ சார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். எல்லா ஊர்களும் அவர் கண்ணில் வந்துபோயிருக்கவேண்டும், மூன்று புத்தகமும் வந்துபோயிருக்கவேண்டும். "உனக்கு அசதிம்மா" என்றார் மிருதுவாக. "சொந்தக்காரங்கன்னா மனசு குழம்பத்தான் செய்யும். ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ. வந்த பிறகு மத்தவங்களுக்கு நீதான் பயிற்சி கொடுக்கணும்."

அவள் வாங்கிக்கோ சார் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். நீங்கதானே முடி படலன்னு சொன்னீங்க? நீங்க பார்த்தீங்களே."

இந்த ஒரு வார்த்தையை அவர் ஆமோதித்திருந்தால் கட்டிக்கோ சாரின் கடையே அன்றோடு மூடியிருக்கும். ஆனால் ஆமோதித்தால், முடி படவில்லை என்று குறை சொல்லி ஒரு நோயாளிப் பெண்ணைப் பீயைக் குடிக்க வைத்தவர் இவர் என்றும் ஆகிவிடும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எதையும் சரியாப் பார்க்கலம்மா. தூசி" என்றார். இத்தனை வருஷமாக மேடைக்கு மேடை ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டவர்கள், ஒரே காரில் ஏறி, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா புருஷன் மண்வெட்டியால் குழியை மூடிக்கொண்டிருந்தார். திறந்த குழியில் பிள்ளைகள் விழுந்துவைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், இனி அதைத் திறந்துவைக்கக் காரணமும் இல்லை. அவர் அவளைப் பார்த்தார், வா என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் அவளைக் கண்டதும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"கிளம்பு அக்கா, டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்துடலாம்."

"ஏண்டி சொன்னே?"

"சொல்லாம எப்படி இருப்பேன்? உன் வயித்துக்குள்ள…"

"என் வயிறு. அதுல எது போனா உனக்கென்ன?" அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் முடிக்காரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கணும். உங்க மாமா வண்டியைத் தள்ளிட்டு வந்து பீங்கானை உள்ள வச்ச பிறகு சொல்லியிருக்கணும். அப்ப எடுத்திருப்பேன் வாந்தி, ஆற அமர."

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆகியிருந்தா மாத்திரை போட்டிருப்பேன். வயித்துப்போக்குக்கு மாத்திரை இருக்கு. இதுக்கு என்ன மாத்திரை இருக்கு?" என்று முள்ளுக்காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "உனக்குத் தாங்கல. நெஞ்சுல கனத்துச்சு, கீழ போட்டுட்ட. முப்பத்திரண்டு வீட்டுத் தலையில போட்டுட்டடி."

முடிக்காரி அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"அதைக் குடிச்சேன்னு நினைச்சாக்கூட எனக்கு இப்பக் குமட்டல. உன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் குமட்டுது."

இருட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு மூன்று பேராகப் பின்பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, மூலையிலிருந்த தண்ணீர் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"நான் துணைக்கு வரேன்" என்றாள் முடிக்காரி.

"வேண்டாம். பஸ் ஏறினா உனக்கு உன் வீட்டுல தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் இருக்கு. அங்க போ."

அக்கா சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மற்ற பெண்களோடு முள்ளுக்காட்டுக்குள் போனாள்.